கயிற்றின் மறுமுனை

அத்தியாயம் பதினொன்று

யூசுப் மரைக்காயர் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று ஐந்தாறு வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் உருப்படமாட்டார்கள், தண்ணீரில் தள்ளிவிட்டால்தான் நீந்தக் கற்பார்கள் என்று ஒருவர் இரண்டு பக்கத்துக்கு விளாசியிருக்கிறார். கையெழுத்துக்குக் கீழே 'மூன்று ஆண்பிள்ளைகளின் தகப்பன்' என்று வேறு போட்டிருக்கிறார். நல்லது. அந்த மூன்று பிள்ளைகளிடமிருந்து எனக்கு இன்னும் கடிதம் வரவில்லை. தகப்பனார் இந்த ஒரு நாளையும் படித்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

அது 1910-ஆம் வருஷம், ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை.

விடியும்போதே சுமத்ராக் காற்று வந்துவிட்டது. மேற்கே கறுப்பாக மேகம் திரண்டு, கடலைத் தாண்டி வந்து, ஊரை அரை மணி நேரம் போட்டு உலுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் போய்விடும் காற்று அது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் கூரை ஓடுகள் தடதடத்தன. பின்புறத்து மாட்டுக்கொட்டகையில் எருமைகள் ஓயாமல் கத்தின.

மாடி வீட்டில் உம்மு சல்மா சுபுஹுத் தொழுகை முடிந்தும் பாயைச் சுருட்டவில்லை. அவளுடைய மகன் ரவூப் இன்றுதான் முதன்முதலாக வெளிக்கடலுக்குப் போகிறான். பதினேழு வயது. நீந்தத் தெரியாது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. யூசுப் மரைக்காயருக்கு ஆறு சரக்குத் தோணிகள் சொந்தம். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து மூட்டைகளை ஏற்றிவந்து, ஆற்றோரத்துக் கிட்டங்கிகளில் சேர்ப்பது தொழில். ஒரே மகன் ரவூபுக்கு அதில் மனமில்லை. பதினாலாவது வயதில், கூட விளையாடியவன் தோணிக்கும் படித்துறைக்கும் நடுவில் விழுந்து நசுங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தவன் அவன். அன்றிலிருந்து தானாக அவன் படித்துறைப் பக்கம் போனதில்லை. ஜாலான் புசார் பக்கத்தில் ஓர் அச்சுக்கூடத்தில், வாப்பாவுக்குத் தெரியாமல் எழுத்துக் கோர்க்கப் பழகிக்கொண்டிருந்தான்.

தெரிந்துவிட்டது. பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு அவனை ஆற்றுப் படித்துறைக்கு இழுத்துக்கொண்டு போய், அத்தனை தோணிக்காரர்கள் முன்னாலும் நிறுத்தினார் மரைக்காயர்.

அவருடைய தோணிகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஏறுகிறவன் யாராக இருந்தாலும் முதல் நாற்பது நாள் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றின் மறுமுனை பாய்மரத்தில் முடிச்சுப் போட்டிருக்கும். தொழிலைத் தொடங்கி, மரைக்காயரையும் வளர்த்த பெரிய வாப்பா ஜமால் முகம்மது போட்ட சட்டம் அது. ஏன் போட்டார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொல்லாமலேயே மௌத்தாகிவிட்டார்.

"இவனுக்குக் கயிறு கிடையாது," என்றார் மரைக்காயர் எல்லோருக்கும் கேட்கும்படி. "தண்ணியிலே விழுந்தா நூறு எண்ணுங்க. நூறு எண்ணி முடியிற வரைக்கும் ஒருத்தரும் கை கொடுக்கக் கூடாது. எனக்கு யாரும் கொடுக்கலே."

தோணிக்காரர்கள் தலையாட்டினார்கள். அந்த நூறின் கதை ஆற்றோரத்தில் தெரியாதவர் யார்?

அந்தக் கதையை இன்று காலையிலும் அவர் சொன்னார். இடியாப்பத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, காற்று அடங்கிய பிறகு பிள்ளை போகட்டுமே என்று உம்மு சல்மா மெதுவாக ஆரம்பித்தாள். அவ்வளவுதான், மரைக்காயருக்கு வாய் திறந்துகொண்டது. பன்னிரண்டு வயதில் நாகூரிலிருந்து வந்து இறங்கிய இரண்டாவது மாதம். காற்றே இல்லாத ஒரு பகல், ஆற்று முகத்தில் தண்ணீர் அசையாமல் கண்ணாடியாகக் கிடக்கிறது. பெரிய வாப்பா அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, பேச்சு மூச்சு இல்லாமல் தண்ணீரில் எறிகிறார். எறிந்துவிட்டுத் தோணியில் நின்றபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்.

"அறுபதுலே உள்ளே போயிட்டேன். முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். அப்போ பாரு, காலுக்குக் கீழே தண்ணி கெட்டியாச்சு. அல்லாஹ் அப்படியே தூக்கி விட்டான். தொண்ணூத்தாறு எண்ணும்போது கரைச் சேத்துலே கால் பட்டுது. அன்னிக்கு என் மேலே பரிதாபப்பட்டிருந்தா இன்னிக்கு எனக்கு ஆறு தோணி ஏது?"

அவருடைய மூத்த மகள் மைமூன் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஏழு மாதம். புருஷன் பினாங்கில் ஒரு கடையில் குமாஸ்தா. சிறு வயதிலிருந்து இந்தக் கதையை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பாள். இன்றைக்கு என்னவோ அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி எப்படி வாப்பா கெட்டியாகும்?" என்று கேட்டாள்.

"விழுந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்," என்றார் அவர்.

இந்த மாதிரிப் பதிலுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. பெரியவர்களுக்கு இது பிடித்துப்போவதே அதனால்தான். 

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மரைக்காயருக்கு அநியாயம் செய்தவனாவேன். இந்தப் பன்னிரண்டு நாளும், ஆற்றுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மகனுடைய தோணி திரும்பும் நேரத்துக்கு அவர் படித்துறையில் ஏதோ வேலை இருப்பதுபோல வந்து நிற்பார். மகன் தலை தெரிந்த பிறகுதான் போவார். அவன் தன்னைப் பார்த்துவிடாமலும் பார்த்துக்கொள்வார். மனதில் ஈரம் இல்லாதவர் அல்லர். ஆனால் அந்த ஈரத்தைக் காட்டினால் பையன் கெட்டுப்போவான் என்று உறுதியாக நம்பினார்.

ரவூப் எழுந்தான். சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஈய எழுத்து ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினான். அச்சுக்கூடத்தில் தேய்ந்துபோனதென்று கொடுத்தார்களாம், பன்னிரண்டு நாளாகப் பையிலேயே வைத்திருந்தான்.

"இதை நீ வச்சிரு லாத்தா. தண்ணியிலே விழுந்துடும்."

"எழுத்துதானே விழும்னு சொல்றே?"

 மைமூன் அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்திருக்க வேண்டும் என்று அன்று முழுவதும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் உம்மு சல்மா அவனை நிறுத்தினாள். சோற்றுத் தூக்கு வைத்த துணிப்பையைக் கையில் கொடுத்து, அடியில் கயிறு வைத்திருக்கிறேன், கட்டிக்கொள் என்றாள். தண்டேல் விடமாட்டார் என்று ரவூப் தயங்கினான். தோணியை நடத்துகிறவரைத் தண்டேல் என்பார்கள். அவனுடைய தோணிக்கு அப்துல் காதர் தண்டேல்.

"விடுவார். அவருக்கும் பிள்ளை இருக்கு," என்றாள் உம்மு சல்மா.

அவள் கணக்கு அங்கேதான் தப்பியது. அப்துல் காதருக்கு நான்கு பிள்ளைகள். நான்கு பேரையும் மரைக்காயர் கதையைச் சொல்லித்தான் வளர்த்தார்.

காற்று ஓய்ந்து வெயில் வந்தது. தெருவில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. நல்ல வெயில்தான், ஆனாலும் எருமைகள் கத்துவதை நிறுத்தவில்லை.

பத்து மணி சுமாருக்கு அப்துல் கஃபார் வந்தார். ஆற்றோரக் கிட்டங்கியில் தோணிக்காரர்களுக்குச் சமைக்கிற பண்டாரி அவர். வயது அறுபதை நெருங்குகிறது. இளவயதில் அவரும் தோணியில் இருந்தவர், ஆற்றில் அவரைப்போல முங்குகிறவன் அந்தக் காலத்தில் இல்லை என்று சொல்வார்கள். படியேறி வந்தவர் கையில் ஒரு கயிற்றுச் சுருள் இருந்தது. உம்மு சல்மாவுக்கு அடையாளம் தெரிந்தது.

"தண்டேல் கொடுத்தனுப்பினார் தங்கச்சி," என்றார் திரைக்கு வெளியே நின்றபடி. "மரைக்கார் வார்த்தையை மீற முடியாதுன்னு சொல்லச் சொன்னார். தோணி ஏழு மணிக்கே போயாச்சு."

கயிறு நனைந்திருந்தது. உம்மு சல்மா அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மைமூனுக்குத்தான் கோபம் வந்தது. நீங்களெல்லாம் அங்கேதானே இருந்தீர்கள், ஒருவருக்காவது வாயில்லையா என்று கேட்டாள். கஃபார் தண்ணீர் கேட்டார். உட்கார்ந்து, மூன்று மிடறாகக் குடித்தார். செம்பைக் கீழே வைத்த பிறகும் எழுந்து போகவில்லை.

"மௌத்தானவருக்குச் செஞ்ச சத்தியத்தை மீறினா என்ன பாவம் தங்கச்சி?"

"யாருக்குச் செஞ்சீங்க?"

"பெரிய மரைக்காருக்கு. ஜமால் முகம்மதுக்கு."

முப்பத்தைந்து வருஷமாக அடைத்து வைத்திருந்ததை அவர் அங்கே கொட்டினார். அன்றைக்கு அந்தத் தோணியில் மூன்று பேர். பெரிய வாப்பா, பன்னிரண்டு வயது யூசுப், இருபத்துச் சொச்சம் வயதில் கஃபார். பையனை எறிவதற்கு முன்பே கஃபார் மறுபக்கமாகத் தண்ணீரில் இறங்கி, தோணியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் மிதந்தார். அவர் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை பெரிய வாப்பாவின் கையில்.

"எல்லாம் முதல் நாளே பேசி வச்சதுதான். பையன் கொஞ்சம் கையைக் காலை அடிக்கட்டும், முங்கினா நீ கீழே போய்த் தூக்குன்னார். பையன் முப்பதுலேயே முங்கிட்டான் தங்கச்சி. அறுபதெல்லாம் இல்லே. நான் அடியிலே போய்த் தோளைக் கொடுத்தேன். அவன் என் தோள் மேலே ஏறி மிதிச்சான். தண்ணி கெட்டியாச்சுன்னு மரைக்கார் சொல்றது என் தோள்."

உம்மு சல்மாவின் கை கயிற்றை இறுக்கிப் பிடித்தது.

"அடியிலே ஆறு எங்க ரெண்டு பேரையும் இழுத்துது. பெரிய மரைக்கார் கரையோரம் நின்ன தோணியிலேயிருந்து கயித்தை இழுத்தார். எண்ணுறதை முப்பதோட நிறுத்திட்டார், அழுதுகிட்டே இழுத்தார். உள்ளங்கை ரெண்டும் அறுத்துக்கிச்சு. பையன் சேத்துலே போய் விழுந்ததும் நான் தண்ணிக்குள்ளே மறைஞ்சுக்கிட்டேன். தொண்ணூத்தாறுன்னு அவராத்தான் ஒரு கணக்குச் சொன்னார். தானா நீந்தினேன்னு அவன் நினைக்கட்டும் கஃபார், அப்பத்தான் பயம் விடும்னு சத்தியம் வாங்கினார். மறு வாரமே நாற்பது நாள் கயித்துச் சட்டத்தைப் போட்டார். இன்னொரு தடவை அவரால தாங்க முடியாதுன்னு என்கிட்டச் சொன்னார்."

"இத்தனை வருஷமா ஏன் மாமா சொல்லலே?" என்றாள் மைமூன்.

"ஒரு மனுஷன் தன்னைப் பத்திச் சந்தோஷமா ஒரு கதை சொல்லும்போது குறுக்கே போக மனசு வரலே. அந்தக் கதையை வச்சு இன்னொரு பிள்ளையைத் தள்ளுவார்னு நான் நினைக்கலே, மகளே. பன்னிரண்டு நாளா எனக்கு ஒரு வாய் இறங்கலே."

பெரிய வாப்பா மகனைப்போல வளர்த்த பிள்ளையைத் தண்ணீரில் எறிந்தது உண்மை. கயிறு பிடித்திருந்ததும் உண்மை. யூசுப் மரைக்காயர் வாழ்நாள் முழுக்க ஊருக்குச் சொன்னதும், மகனுக்குக் கொடுத்ததும் முதல் பாதி மட்டும். இரண்டாவது பாதி அவருக்கே தெரியாது. நம்மில் எத்தனை பேர் இப்படிப் பாதியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறோம் என்று யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று ஆண்பிள்ளைகளின் தகப்பனாரும் யோசிக்கட்டும்.

மரைக்காயர் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. வெயில் மங்கியிருந்தது. காலையில் ஒரு தடவை வந்துபோன காற்று அதே நாளில் மறுபடி வருவது அபூர்வம், ஆனால் மேற்கே பள்ளிவாசல் மினாராவுக்குப் பின்னால் வானம் மை பூசியதுபோல ஆகிக்கொண்டிருந்தது. அவரும் ஜன்னல் பக்கம் இரண்டு தடவை பார்த்தார். சோற்றில் கை வைத்தார்.

மைமூன் வாசற்படியில் வந்து நின்றாள்.

"வாப்பா, உங்களைத் தண்ணியிலே எறிஞ்ச அன்னிக்கு, பெரிய வாப்பா எந்தக் கையாலே சாப்பிட்டார்?"

இதென்ன கேள்வி என்று அவர் நிமிர்ந்தார். திட்டுவதற்கு வாயெடுத்தவர் அப்படியே நின்றார். முப்பத்தைந்து வருஷத்துப் பழைய சாப்பாட்டு நேரம் ஒன்று கண் முன்னால் வந்துவிட்டது. பெரிய வாப்பாவின் இரண்டு கையிலும் துணிக்கட்டு. யாரோ உருட்டி உருட்டி வாயில் ஊட்டினார்கள். புதுமாப்பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள் என்று கிட்டங்கியே சிரித்தது. பன்னிரண்டு வயது யூசுபும் சிரித்தான்.

"கை அறுத்துப் போயிருந்தது," என்றார் மெல்ல. "பாய்க்கயித்தை இழுத்ததுலேன்னு சொன்னார்."

"அன்னிக்குக் காத்தே இல்லேன்னு நீங்கதானே சொல்வீங்க. காத்தில்லாதப்போ பாயை எதுக்கு வாப்பா இழுத்தார்?"

 உம்மு சல்மா திரைக்கு அந்தப் பக்கம் நின்று கஃபாரைக் கூப்பிட்டாள். அவர் போகாமல் கீழேதான் காத்திருந்தார். மேலே வந்து, காலையில் சொன்னதை நாலு வார்த்தையில் திருப்பிச் சொன்னார்.

பொய் என்று கத்தினார் மரைக்காயர். நன்றி கெட்டவன், என் உப்பைத் தின்றுவிட்டு என் மானத்தை வாங்குகிறாய் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். கஃபார் சட்டையைத் தூக்கினார். இடுப்பின் இடது பக்கத்திலிருந்து முதுகு வரைக்கும், விரல் அகலத்துக்கு, கறுத்துப்போன தழும்பு ஒன்று ஓடியது.

மரைக்காயர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

வெளியே காற்று கிளம்பி ஜன்னல் கதவை அறைந்தது. அவர் கையைக் கூடக் கழுவாமல் எழுந்தார். தொப்பியை மறந்து, வெறுந்தலையோடு படியிறங்கினார். அப்படி அவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

உம்மு சல்மா கயிற்றை எடுத்துக்கொண்டாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்த பதினெட்டு வருஷத்தில், உறவுக்காரர் வீட்டுக்கும் தெலுக் ஆயர் தர்காவுக்கும் தவிர அவள் வேறெங்கும் போனதில்லை. ஆம்பிளைகள் கூட்டமாக நிற்கும் ஆற்றுப் படித்துறைக்குக் குடும்பத்துப் பெண் போவதென்றால் அதன்பிறகு ஊர் என்ன பேசும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மைமூனிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கஃபார் பிடித்துவந்த ரிக்ஷாவில் ஏறினாள்.

பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆறு முழுக்கத் தோணிகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தன. காற்றுக்கு முன்னால் ஆற்றுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். படித்துறையின் கடைசிப் படியில், முழங்கால் வரைக்கும் தண்ணீரில், மரைக்காயர் நின்றுகொண்டிருந்தார். கணுக்காலளவு நனையவும் விரும்பாத மனிதர்.

அவருடைய தோணிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்து வந்துவிட்டன. ஆறாவது வரவில்லை.

துப்பட்டி போர்த்திய பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றதை அவர் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. இருவரும் ஆற்று முகத்தையே பார்த்தார்கள். மழை வலுத்து, எதிர்க்கரைக் கிட்டங்கிகளே தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேல் அப்துல் காதரின் தோணி வந்தது. பாய் கிழிந்திருந்தது. பின்புறத்தில் தண்டேல் நின்றார். துடுப்புப் போடுகிறவர்கள் நான்கு பேர். உம்மு சல்மா ஐந்து தலை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூட்டைகளின் மேல் யாரும் இல்லை.

தோணி படியில் இடித்து நின்றது. அப்துல் காதர் இறங்கி மரைக்காயர் முன்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் குற்றம் செய்தவனின் களை இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு, அது ஏன் இப்படி ஆயிற்று என்று விளங்காதவரின் முகம் அது.

"ரவூப் தம்பி மூட்டை மேலே உட்கார்ந்திருந்தார். காத்து திரும்பினதுலே பாய் வந்து அடிச்சுது. விழுந்துட்டார்."

மரைக்காயர் அவரைத் தாண்டித் தோணிக்குள் எட்டிப் பார்த்தார். 

"நாங்க எண்ணினோம் மரைக்கார்," என்றார் தண்டேல். "அவருக்குக் கேக்கட்டும், தெம்பா இருக்கட்டும்னு அஞ்சு பேரும் சத்தமாவே எண்ணினோம். நாப்பது வரைக்கும் தலை தெரிஞ்சுது. கையைத் தூக்கினார். உம்மான்னு ஒரு தடவை கூப்பிட்டார். எழுபதுக்கு மேலே தெரியலே. ஆனா நீங்க நூறுன்னு சொல்லியிருந்தீங்க. நீங்களும் அறுபதுலே உள்ளே போய்த்தானே மேலே வந்தீங்க."

உம்மு சல்மா கத்தவில்லை. கத்தினால் அடுத்த வார்த்தை காதில் விழாமல் போய்விடும் என்று பயந்தாள்.

நூறு முடிந்ததும் இரண்டு பேரைக் குதிக்கச் சொன்னாராம் தண்டேல். முங்கி முங்கித் தேடினார்களாம். மழையில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்தில் ஒரு சிறு சம்பான் படகு போனது, தெற்கே தீவுகள் பக்கமாக. அதிலிருந்த ஆள் குனிந்து தண்ணீரிலிருந்து எதையோ இழுத்து உள்ளே போட்டதுபோலத் தெரிந்தது. ஆளா, மிதந்து வந்த மூட்டையா, சொல்ல முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்குள் மழை மூடிவிட்டது.

"எந்த இடம்?" என்று கேட்டவர், ரிக்ஷாவின் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த கஃபார். அவர் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிப் படியில் போட்டிருந்தார். இந்த வயதில், இந்தக் காற்றில் போகக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள். அவர் காதில் வாங்காமல் தோணியில் ஏறினார். தண்டேலும் துடுப்புக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்ப ஏறினார்கள்.

மரைக்காயர் அசையாமல் நின்றார். ஆறு தோணிக்குச் சொந்தக்காரர், ஆற்றோரத்தில் இருநூறு பேர் எழுந்து நின்று சலாம் சொல்லும் மனிதர். இப்போது தோணியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார். உம்மு சல்மா அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பத்துப் பதினைந்து ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு மடியில் வைத்திருந்த கயிற்றை எடுத்தாள். ஒரு முனையைக் கஃபாரிடம் நீட்டினாள். அவர் அதைப் பழைய தழும்பின் மேலேயே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். மறுமுனையைப் புருஷனுடைய வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். இத்தனை நேரமும் இறுக மூடியிருந்த அந்தக் கையில் மதியத்துச் சோறு இன்னும் ஒட்டியிருந்தது.

"இந்தத் தடவை எண்ணாதீங்க," என்றாள்.

மரைக்காயர் தலையாட்டினார். கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தோணி படித்துறையை விட்டு விலகி, மழைக்குள் போயிற்று.